உயரத்துக் கண்ணாடியைத் தரையில் நின்றே துடைப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பொள்ளாச்சியிலிருந்து கோபாலபுரம் வழியாகக் கேரளத்துக் கொழிஞ்சாம்பாறை, சித்தூர் வரைக்கும் கண்ணாடி துடைக்கும் வேலைக்குப் போய்வருகிறேன். பதினோரு வருடமாக இதுதான் என் தொழில். எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இப்போது எழும்புகிற வீடுகளில் ஹால் இரண்டு மாடி உயரம் இருக்கிறது. படிக்கட்டுக்கு நேரே ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி. இதை யார் துடைப்பார்கள் என்று கட்டும்போது யாருக்கும் தோன்றுவதில்லை. குடிவந்து ஆறு மாதம் கழித்து எனக்குப் போன் வரும். பாதிப் பேருக்கு நான் நேரில் போக வேண்டிய அவசியமே இல்லை, சரியான சாமான் வாங்கி அவர்களே செய்துகொள்ளலாம். அப்படிப் போனில் திரும்பத் திரும்பக் கேட்கப்படுகிறவற்றை இங்கே எழுதியிருக்கிறேன்.

வீட்டில் நல்ல ஏணி இருக்கிறது. பிறகு எதற்குக் கம்பு?

ஏணியில் நிற்கிறவர் ஒரு கையால் ஏணியைப் பிடிக்க வேண்டும், ஒரு கையால் துடைக்க வேண்டும். கை எட்டாத ஓரத்துக்கு உடம்பைச் சாய்ப்பார். விழுவது அப்போதுதான். சாத்து ஏணியை நாலுக்கு ஒன்று என்ற கணக்கில் வைக்க வேண்டும். 16 அடி உயரத்தில் சாத்தினால் ஏணியின் கால் சுவரிலிருந்து 4 அடி தள்ளி இருக்க வேண்டும். நம் வீடுகளில் சுவருக்கும் காம்பவுண்டுக்கும் நடுவே பல இடங்களில் மூன்றடிகூட இல்லை. அதனால் ஏணியைச் செங்குத்தாக நிறுத்துகிறார்கள். கீழே டைல்ஸ், அதன்மேல் சோப்புத் தண்ணீர்.

ஜன்னல் சன்ஷேடில் இறங்கி நின்று துடைப்பதும் இதே கதைதான். அந்த சிலாபை வெயிலையும் மழையையும் மறைக்கக் கட்டினார்கள், ஆள் நிற்பதற்கு அல்ல. கம்பு வைத்தால் இரண்டு காலும் தரையில் இருக்கும். கண்ணாடி கொஞ்சம் குறையாகத் துடைபட்டாலும் மறுபடி ஒரு முறை இழுத்துக்கொள்ளலாம்.

என்னென்ன வாங்க வேண்டும்?

நீட்டிக் குறுக்குகிற கம்பு ஒன்று. தண்ணீரை வழித்தெடுக்கும் ரப்பர் பட்டை ஒன்று. இதைக் கடையில் கிளாஸ் வைப்பர் என்று கேட்டால் தருவார்கள், தொழிலில் இருப்பவர்கள் ஸ்க்வீஜி என்போம். அப்புறம் டி வடிவக் கைப்பிடியில் மைக்ரோஃபைபர் உறை மாட்டிய வாஷர், நீளமான பக்கெட், இரண்டு மூன்று மைக்ரோஃபைபர் துணி. அவ்வளவுதான்.

வைப்பர் 14 அங்குல அகலம் போதும். அகலம் கூடினால் வேலை சீக்கிரம் முடியும் என்று 18 அங்குலம் வாங்குகிறார்கள். கையில் பிடித்துத் துடைக்கும்போது அது சரி. 15 அடிக் கம்பின் நுனியில் மாட்டினால் ஒரு ஓரம் கண்ணாடியில் ஒட்டும், மறு ஓரம் தூக்கிக்கொள்ளும். பழகிய பிறகு பெரியதற்குப் போங்கள்.

தரை துடைக்கிற வைப்பரைக் கம்பில் கட்டி இழுக்க வேண்டாம். அதில் இருக்கும் பஞ்சு போன்ற இரட்டை ரப்பர் தரையின் மேடு பள்ளத்துக்காகச் செய்தது. கண்ணாடிக்குக் கத்தி போன்ற ஒற்றை விளிம்பு வேண்டும்.

கம்பு எவ்வளவு நீளம்?

கண்ணாடியின் மேல் விளிம்பு தரையிலிருந்து எத்தனை அடி என்று பாருங்கள். அதில் 3 அல்லது 4 அடியைக் கழித்தால் உங்களுக்கு வேண்டிய நீளம் வரும், ஏனென்றால் கம்பின் அடி உங்கள் இடுப்பு உயரத்தில் இருக்கும். முதல் மாடி ஜன்னலுக்கு 12 அடிக் கம்பு சரியாக வரும். இரண்டு மாடி உயர ஹால் என்றால் 18 அடி. அதற்கு மேல் போனால் அலுமினியக் கம்பு நடுவில் வளைந்து ஆடத் தொடங்கும்.

வாங்கும்போது கடையிலேயே முழுவதும் நீட்டிப் பாருங்கள். இணைப்பை இறுக்கிவிட்டுக் கம்பை நிமிர்த்தித் தரையில் ஊன்றி அழுத்துங்கள். உள்ளே இறங்கினால் வேண்டாம். திருகி இறுக்கும் பூட்டு, கிளிப் பூட்டு என்று இரண்டு வகை உண்டு. ஈரக் கையால் திருகுவது கஷ்டம் என்பதால் நான் கிளிப் வகையைத்தான் எடுப்பேன். வைப்பர் உட்காரும் நுனியையும் பாருங்கள். பெயிண்ட் ரோலர் கம்பின் மரை பல வைப்பர்களுக்குப் பொருந்தாது. பொருந்தாததைக் கம்பியால் கட்டி ஓட்டினால் எந்த நேரமும் தலையில் விழும்.

எங்கள் தோப்பில் தேங்காய் பறிக்கிற அலுமினியத் தொரட்டி இருக்கிறது. அதிலேயே வைப்பரை மாட்டலாமா?

இந்தக் கேள்விக்கு நீளமாகப் பதில் சொல்ல வேண்டும். பொருந்துமா என்பதை விட்டுவிடுவோம். மேலே மின்கம்பி போகிறதா என்று முதலில் பார்த்தீர்களா?

அலுமினியம் மின்சாரத்தைக் கடத்தும் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் தோப்பிலும் வீட்டுத் தோட்டத்திலும் மாங்காய், பலாக்காய் பறிக்கப் போய் இரும்புத் தோட்டி கம்பியில் பட்டு இறந்தவர்கள் எல்லைக்கு இரு பக்கமும் உண்டு. நாம் தொரட்டி என்பதைத்தான் கேரளத்தில் தோட்டி என்கிறார்கள். உலோகத் தோட்டியை மின்கம்பி அருகே கொண்டுபோகாதீர்கள் என்று கேரள மின்வாரியம் திரும்பத் திரும்ப எச்சரிக்கிறது. கண்ணாடி துடைக்கும் கம்பும் அதே சாமான்தான். இன்னும் மோசம், இது ஈரமாக இருக்கும்.

விலை உயர்ந்த கார்பன் ஃபைபர் கம்பு வாங்கினால் பாதுகாப்பு என்று சிலர் நினைக்கிறார்கள். இல்லை. கார்பனும் மின்சாரத்தைக் கடத்தும். ஃபைபர் கிளாஸ் கம்பு காய்ந்திருக்கும்போது கடத்தாது, ஆனால் மேலே அழுக்குத் தண்ணீர் வழிந்துகொண்டிருக்கும்போது அதை நம்பிக் கம்பி அருகே போகக் கூடாது.

நான் வைத்திருக்கும் வழக்கத்தைச் சொல்கிறேன். வண்டியை விட்டு இறங்கியதும் சாமானை எடுப்பதில்லை. வெறுங்கையோடு வீட்டை ஒரு சுற்று சுற்றி மேலே பார்ப்பேன். தெருக் கம்பத்திலிருந்து வீட்டுக்கு வருகிற சர்வீஸ் வயர் எங்கே நுழைகிறது, தென்னை ஓலை மறைப்பில் லைன் ஏதும் போகிறதா என்று பார்த்துவிட்டு, கம்பு முழு நீளத்தில் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் கம்பிக்கு 10 அடி தள்ளியே விழ வேண்டும் என்று கணக்குப் போடுவேன். அப்படி வராத ஜன்னலை வெளியிலிருந்து தொட மாட்டேன். ஒரு வீட்டில் பதினான்கு ஜன்னலில் ஒன்றை விட்டுவிட்டு வந்தேன், காசும் குறைத்துக்கொண்டேன். கட்டாயம் துடைத்தே ஆக வேண்டும் என்றால் மின்வாரியத்தில் சொல்லி லைனை நிறுத்திய பிறகுதான். தமிழ்நாட்டுப் பக்கம் மின்னகம் 94987 94987, கேரளப் பக்கம் 1912.

வீட்டுக்குள் இரட்டை உயர ஹாலில் துடைக்கும்போது மின்விசிறியையும் தொங்குவிளக்கையும் நிறுத்திவிடுங்கள்.

தூசிதானே, காய்ந்த துணியால் ஒரு தட்டு தட்டினால் போதாதா?

போதாது. இந்தத் தவறை நான் செய்திருக்கிறேன்.

தொழிலுக்கு வந்த மூன்றாம் வருடம். வேலந்தாவளம் போகிற ரோட்டை ஒட்டிய வீடு. அந்த ரோட்டில் எம்-சாண்டும் ஜல்லியும் ஏற்றிக்கொண்டு டிப்பர் லாரிகள் கேரளாவுக்குப் போய்க்கொண்டே இருக்கும். ஹால் கண்ணாடியில் சாம்பல் நிறத்தில் மெல்லிய தூசி. வாஷரின் உறை காய்ந்திருந்தது. முதலில் தூசியைத் தட்டிவிட்டு அப்புறம் தண்ணீர் போடலாம் என்று கம்பை வில் மாதிரி இடமும் வலமும் ஓட்டினேன். பிறகு சோப்பு போட்டு, வழித்து, எல்லாம் முடிந்தது. சாயங்காலம் ஐந்து மணிக்கு மேற்கு வெயில் சாய்ந்து கண்ணாடியில் விழுந்தபோது, சீப்பால் கோதியது போல வளைவு வளைவாக மெல்லிய கோடுகள். கையால் தடவினால் தெரியவில்லை, வெயிலில் மட்டும் தெரிந்தது. அந்த வீட்டு அம்மா வாசலில் வந்து நின்று, "ஏனுங் தம்பி, இது கழுவினா போயிருமுங்களா?" என்றார். போகாது என்று சொல்லும்போது எனக்குக் குரல் எழும்பவில்லை. அந்தக் கண்ணாடியை என் செலவில் மாற்றிக் கொடுத்தேன்.

காரணம் எளிமையானது. கனிமங்களின் கடினத்தை மோஸ் அளவில் சொல்வார்கள். அதில் ஜன்னல் கண்ணாடி சுமார் 5.5, மணலில் இருக்கும் குவார்ட்ஸ் 7. கண்ணாடியைவிடக் கடினமான பொடி மேலே உட்கார்ந்திருக்கிறது, அதைக் காய்ந்த துணியால் அழுத்தித் தேய்த்தால் உப்புத்தாளால் தேய்ப்பதற்குச் சமம்.

அதனால் முதல் வேலை தண்ணீர். ஹோஸ் பைப்பால் மேலிருந்து மெதுவாக ஊற்றித் தூசியை இறக்குங்கள். பீய்ச்சி அடிக்க வேண்டாம், ஸ்லைடிங் ஜன்னலின் சேனலில் தண்ணீர் ஏறி உள்ளே வந்துவிடும். அப்புறம் நன்றாக நனைந்த வாஷரை அழுத்தாமல் ஒரு முறை ஓட்டி, உறையைப் பக்கெட்டில் அலசிவிட்டு, இரண்டாம் முறை கொஞ்சம் அழுத்தித் தேயுங்கள். பக்கெட் தண்ணீரின் அடியில் மணல் தங்கத் தொடங்கினால் மாற்றிவிடுங்கள்.

பொள்ளாச்சிச் சுற்றுவட்டாரத்தில் இன்னொரு தூசி இருக்கிறது, நார் மில்லில் இருந்து பறக்கிற மஞ்சித் தூள். அது கீறாது, ஆனால் தண்ணீரைக் குடித்து ஊறிக்கொள்ளும். அதில் இருக்கும் டானின் தேநீர்க் கறை போலக் கண்ணாடியில் பழுப்பாக இறங்கும். அதனால் மஞ்சித் தூள் படிந்த கண்ணாடியை அரைகுறையாக நனைத்துவிட்டு நிறுத்தக் கூடாது. தண்ணீர் தாராளமாக விட்டு ஒரே மூச்சில் முடித்துவிட வேண்டும்.

எவ்வளவு சோப்பு?

ஒரு பக்கெட்டுக்கு, அதாவது 10 லிட்டருக்கு, பாத்திரம் தேய்க்கும் லிக்விட் ஒரு டீஸ்பூன். நுரை கூடினால் கண்ணாடி பளிச்சிடும் என்பது தப்பு. கோடு கோடாகத் தெரிவதில் பாதி, அதிக சோப்பின் வேலை.

எவ்வளவு கவனமாக இழுத்தாலும் மேலிருந்து ஒரு கோடு வழிந்து வந்துவிடுகிறது. எங்கே தப்பு?

நீங்கள் இழுப்பதில் தப்பு இருக்காது. மேல் ஃப்ரேமின் ரப்பர் பீடிங்கில் தண்ணீர் ஒளிந்திருக்கும். வைப்பர் கீழே இறங்கிய பிறகு அது நிதானமாக வெளியே வந்து ஒற்றைக் கோடாக வழியும். கையெட்டும் ஜன்னல் என்றால் துணியால் ஒற்றிவிடலாம். 15 அடி உயரத்தில் அதற்கு ஒரு வழி இருக்கிறது.

கண்ணாடியை நனைத்துத் தேய்த்த பிறகு, வாஷரைக் கழற்றிவிட்டு இன்னொரு கைப்பிடியில் காய்ந்த மைக்ரோஃபைபர் துணியைச் சுற்றிக் கம்பில் மாட்டுங்கள். மேல் விளிம்பை ஒட்டி ஒரு அங்குல அகலத்துக்கு இடமிருந்து வலமாக ஒரே ஓட்டம். இப்போது மேலே ஒரு உலர்ந்த கரை கிடைத்துவிட்டது. வைப்பரை அந்த உலர்ந்த கரையில் வைத்துத் தொடங்குங்கள். ஈரத்தில் தொடங்கினால் ரப்பர் உட்கார்ந்த இடத்தில் ஒரு தண்ணீர்க் கோடு அப்படியே நிற்கும்.

இனி இழுப்பு. முதலில் இடது ஓரம். ரப்பரின் இடது முனை ஃப்ரேமைத் தொட்டும் தொடாமலும் இருக்கட்டும். வைப்பர் முழு மட்டமாக இருக்க வேண்டாம், ஈரம் இருக்கும் பக்கத்து முனை ஒரு விரல் அளவு தாழ்ந்திருந்தால் தண்ணீர் அந்தப் பக்கமாகவே வழியும், துடைத்த பக்கம் திரும்பாது. கம்பின் எடையே போதுமான அழுத்தம் தரும். நீங்கள் கூடுதலாக அழுத்தினால் ரப்பர் மடங்கி, டக் டக் என்று துள்ளிக்கொண்டு இறங்கும். அந்தச் சத்தம் கேட்டால் பிடியைத் தளர்த்துங்கள். வைப்பர் இறங்க இறங்கக் கம்பின் அடியைப் பின்னால் வாங்கி நீங்களும் ஓரடி பின்னால் வாருங்கள், சாய்வு ஒரே மாதிரி இருக்கும். பின்னால் போவதற்கு முன் அங்கே பக்கெட் இல்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அடியில் வந்ததும் கம்பைத் தாழ்த்தி ரப்பரைத் துணியால் ஒரு முறை துடையுங்கள். அலுப்பாக இருக்கும், ஆனால் ஒவ்வொரு இழுப்புக்கும் இதைச் செய்ய வேண்டும். அடுத்த இழுப்பு முதல் இழுப்பின்மேல் இரண்டு அங்குலம் ஏறட்டும். இப்படியே வலது ஓரம் வரை. கடைசியில் அடி விளிம்பில் தேங்கிய தண்ணீரைத் துணியால் ஒற்றிவிடுங்கள்.

ஒரு சிறு கோடு மிஞ்சினால் அதை மட்டும் துடைக்கப் போகாதீர்கள். காய்ந்த துணி கட்டிய கம்பு அங்கே இன்னொரு மங்கலை உண்டாக்கும். அந்த இழுப்பு முழுவதையும் மேலிருந்து கீழ்வரை நனைத்து மறுபடி இழுப்பதுதான் வேகமான வழி.

காம்பவுண்டுச் சுவர் மிக அருகில் இருப்பதால் கம்பைச் சாய்க்கவே இடம் இல்லை. என்ன செய்வது?

கம்புக்கும் வைப்பருக்கும் நடுவே மாட்டுகிற மடங்கும் மூட்டு தனியாகக் கிடைக்கிறது. அதை வைத்தால் கம்பு ஏறக்குறைய நிமிர்ந்திருந்தாலும் ரப்பர் கண்ணாடியில் சரியாக உட்காரும். மூட்டின் திருகை ஸ்பேனரால் இறுக்குங்கள், கையால் இறுக்கினால் நடுவில் தளர்ந்துவிடும்.

துடைத்து முடித்து அரை மணி நேரத்தில் வெள்ளைப் புள்ளி வந்துவிடுகிறது. போர் தண்ணீர்தான் காரணமா?

ஆமாம். கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம் வறண்ட கரிசல் பூமி, போர் ஆழம். பொள்ளாச்சிக்குக் கிழக்கேயும் பல இடங்களில் தண்ணீர் உப்புத்தான். தண்ணீர் ஆவியாகிப் போனால் அதில் கரைந்திருந்த சுண்ணாம்பும் மக்னீசியமும் கண்ணாடியிலேயே தங்கிவிடும். நீங்கள் பார்க்கிற புள்ளி அதுதான்.

தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டர் பேனா அளவில் கிடைக்கும், வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணயம் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கலாம் என்கிறது, வேறு தண்ணீர் இல்லாத இடத்தில் 2000 வரை. குடிப்பதற்கு அது சரி, கண்ணாடிக்கு 500கூட அதிகம். போர் தண்ணீரில் தேய்க்கலாம், அதை மிச்சமில்லாமல் வைப்பரால் வழித்தெடுத்துவிட்டால் புள்ளி வராது. புள்ளி வருவது வழிக்காமல் விட்ட துளிகளால்தான். வெறும் தண்ணீர் ஊற்றிக் காயவிடுகிறவர்களுக்குத்தான் இந்தத் தொல்லை அதிகம்.

கடைசி அலசலுக்கு நல்ல தண்ணீர் வேண்டுமென்றால் மழைத்தண்ணீரை மிஞ்ச ஒன்றுமில்லை. 2003ல் தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது பலர் குழாயும் தொட்டியும் அமைத்தார்கள். பாதி வீடுகளில் அவை சும்மா கிடக்கின்றன. முதல் மழையை வெளியே விட்டுவிட்டு அடுத்த மழையைப் பிடியுங்கள், இரண்டு டிரம் இருந்தால் வருடம் முழுக்கக் கண்ணாடிக்கு ஆகும். சமையலறை ஆர்.ஓ. தண்ணீரும் நல்லதுதான். ஆனால் ஆர்.ஓ.வின் கழிவுக் குழாயில் வருகிற தண்ணீரை வீணாக்கக் கூடாது என்று கண்ணாடிக்கு எடுப்பவர்கள் இருக்கிறார்கள். அதில்தான் உப்பு முழுக்க இருக்கிறது. அதைப் பாத்ரூமுக்கோ தரைக்கோ ஊற்றுங்கள்.

வெளிநாடுகளில் உப்பு முழுவதும் நீக்கிய தண்ணீரைக் கம்புக்குள் குழாய் வைத்து மேலே அனுப்பி, பிரஷால் தேய்த்துவிட்டு அப்படியே காயவிடுகிறார்கள். வைப்பரே வேண்டாம். தண்ணீரில் ஒன்றும் இல்லாததால் காய்ந்த பிறகு கண்ணாடியிலும் ஒன்றும் இருக்காது. பெரிய கட்டிடங்களுக்கு இங்கேயும் அது நல்ல முறை.

படிந்து இறுகிப்போன உப்புக் கறைக்கு என்ன போடலாம்?

வெள்ளை வினிகரும் தண்ணீரும் சரிபாதி. அல்லது மளிகைக் கடை எலுமிச்சை உப்பு ஒரு டேபிள்ஸ்பூனை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்தது. வாஷரால் தடவி, காயவிடாமல் ஐந்து நிமிடம் ஊறவைத்து, தேய்த்து, நல்ல தண்ணீரில் அலசி வழித்துவிடுங்கள். ஒரே தடவையில் போகாவிட்டால் இரண்டாம் தடவை போகும்.

கீழே என்ன கல் என்று பார்த்துவிட்டுச் செய்யுங்கள். ஜன்னல் அடியில் நம் வீடுகளில் கடப்பாக் கல் போட்டிருப்பார்கள். கடப்பாக் கல் சுண்ணாம்புக் கல் வகை. புளிப்பு பட்டால் அரிக்கும். கறுப்புப் பளபளப்பில் சொட்டுச் சொட்டாகச் சாம்பல் நிறத் தழும்பு விழும், அது கழுவினால் போகாது. மார்பிளும் அப்படித்தான். கல்லை முதலில் நன்றாக நனைத்து, அதன்மேல் ஈரத் துண்டைப் போட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள். கிரானைட் என்றால் இந்தப் பயம் குறைவு.

பாத்ரூம் ஆசிட் வேண்டவே வேண்டாம். அலுமினிய ஃப்ரேமைத் தின்றுவிடும், நிமிர்ந்து பார்த்துக்கொண்டு கம்பால் தடவும்போது துளி முகத்தில் விழும். ஜன்னல் துடைக்கப் போய்க் கண்ணைக் கெடுத்துக்கொள்ளக் கூடாது. வினிகர்கூடக் கண்ணில் எரியும், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.

வருடக்கணக்கில் ஸ்பிரிங்ளர் தண்ணீர் பட்டு வெண்மூட்டமாகிப்போன கண்ணாடிக்கு வினிகர் கேட்காது. அதற்குச் சீரியம் ஆக்ஸைடு பொடி வைத்து மெருகேற்ற வேண்டும். அது கம்பு வேலை அல்ல.

ரப்பரை எப்போது மாற்ற வேண்டும்?

விளிம்பில் விரல் நகத்தை மெதுவாக ஓட்டுங்கள். சொரசொரப்போ வெட்டோ தட்டினால் கழற்றி மறுபக்கம் திருப்பிப் போடுங்கள், ஒரு ரப்பருக்கு இரண்டு விளிம்பு. இரண்டும் மழுங்கினால் புதியது. ரப்பர் உலோகச் சேனலின் இரு முனையிலும் 3 மில்லிமீட்டர் வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும், இல்லையென்றால் உலோகம் ஃப்ரேமில் உரசும். கடினம், மென்மை என்று இரண்டு வகை ரப்பர் உண்டு. நம் வெயிலுக்குக் கடின வகை நன்றாக நிற்கும். வேலை முடிந்ததும் வெயிலில் போட்டுவிட்டு வராதீர்கள், கழுவித் துடைத்து நிழலில் தொங்கவிடுங்கள்.

எட்டோரே ஸ்டெக்கோன் என்ற இத்தாலியர் அமெரிக்காவில் ஓக்லாந்தில் கண்ணாடி துடைக்கும் தொழில் செய்தவர். அதுவரை இருந்த கனமான கருவியை விட்டுவிட்டு, லேசான பித்தளைச் சேனலில் ஒற்றை ரப்பரைச் செருகி 1936ல் காப்புரிமை வாங்கினார். இன்று நான் பிடித்திருக்கிற வைப்பரும் அதே அமைப்புத்தான். தொழிலில் இருந்த ஒருவர் செய்தது என்பதால் எனக்கு அதில் ஒரு மரியாதை உண்டு.

செய்தித்தாளால் துடைப்பது?

கையெட்டும் சின்னக் கண்ணாடிக்கு நல்லது. உயரத்துக்கு அது உதவாது.

எந்த மாதம், எந்த நேரம் நல்லது?

பாலக்காட்டுக் கணவாய் மேற்குத் தொடர்ச்சி மலையில் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்குத் திறந்து கிடக்கிறது. ஆனி, ஆடியில் தென்மேற்குக் காற்று அந்த வாசல் வழியாகத்தான் நம் பக்கம் நுழைகிறது. அந்த மாதங்களில் 18 அடிக் கம்பை நிமிர்த்தினால் நுனி உங்கள் பேச்சைக் கேட்காது. நனைத்த கண்ணாடியில் அப்போதே தூசி ஒட்டும். அதிகாலையில் காற்று தணிந்திருக்கும்போது சின்ன ஜன்னல்களை முடித்துக்கொள்ளுங்கள், பெரிய கண்ணாடியைத் தள்ளிப்போடுங்கள். மரக்கிளை தொடர்ந்து ஆடிக்கொண்டிருந்தால் நான் கம்பை எடுப்பதில்லை. மார்கழி, தையில் காற்று கிழக்கிலிருந்து கணவாய்க்குள் போகும், பாலக்காட்டுப் பக்கம் அப்போது வறண்ட காற்று பலமாக வீசும். அதனால் சித்தூர்ப் பக்கத்து வீடுகளை ஐப்பசி மழை விட்ட கையோடு முடித்துவிடுவேன்.

நேரத்துக்கு ஒரே விதி, வெயில் படாத கண்ணாடி. காலையில் மேற்குப் பக்கம், சாயங்காலம் கிழக்குப் பக்கம். சூடான கண்ணாடியில் நீங்கள் வைப்பரை எடுப்பதற்குள் சோப்பு காய்ந்துவிடும். இடி மின்னல் இருந்தால் கம்பைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்விடுங்கள்.

மேலே போகும் முன் ஜன்னல் மூலைகளில் குளவிக் கூடோ தேன் கூடோ இருக்கிறதா என்றும் பாருங்கள். மலைத்தேனீ அடை என்றால் அதைக் கலைக்கத் தெரிந்தவர்களைக் கூப்பிடாமல் கம்பை அந்தப் பக்கமே நீட்டாதீர்கள்.

எங்கள் வீட்டில் முகம் பார்க்கிற மாதிரி மின்னும் கண்ணாடி. அதையும் இப்படியே துடைக்கலாமா?

அது ரிஃப்ளெக்டிவ் கண்ணாடி. ஒரு பக்கத்தில் உலோகப் பூச்சு இருக்கும். பூச்சு எந்தப் பக்கம் என்று தெரிய, பென்சில் நுனியைக் கண்ணாடியில் வையுங்கள். நுனியும் கண்ணாடியில் தெரியும் அதன் பிம்பமும் ஒன்றையொன்று தொட்டால் பூச்சு உங்கள் பக்கம். நடுவில் இடைவெளி தெரிந்தால் மறுபக்கம். பூச்சு இருக்கும் பக்கத்தில் தண்ணீர், லேசான சோப்பு, சுத்தமான உறை, அவ்வளவுதான். பிளேடு, ஸ்கிரப்பர், வினிகர் எதுவும் வேண்டாம். சன் ஃபிலிம் ஒட்டிய பக்கத்துக்கும் இதேதான். அம்மோனியா கலந்த கிளீனரும் ஃபிலிமுக்கு ஆகாது. புதிதாக ஒட்டியது என்றால் ஒரு மாதம் தண்ணீரே காட்டாதீர்கள்.

பெயிண்டும் சிமெண்டும் தெறித்துக் காய்ந்திருக்கிறது. கம்பில் பிளேடு மாட்டிச் சுரண்டலாமா?

பிளேடு மாட்டுகிற தலை கிடைக்கும். ஆனால் முதல் முறையே உயரத்தில் அதைப் பயன்படுத்தாதீர்கள். சுரண்டும்போது கண்ணாடி முழு ஈரமாக இருக்க வேண்டும், பிளேடு புதியதாக இருக்க வேண்டும், ஒரே திசையில் தள்ளித் தூக்கிவிட வேண்டும். முன்னும் பின்னும் இழுத்தால் பிளேடுக்கு அடியில் மாட்டிய துகள் கீறும். டஃபன்டு கண்ணாடியில், அதாவது சூடேற்றி உறுதியாக்கிய கண்ணாடியில், நான் பிளேடு வைப்பதில்லை, அதைச் சூடேற்றும்போது மேலே ஒட்டிய நுண்துகள் பிளேடில் பெயர்ந்து கோடு இழுத்துவிடும். சிமெண்ட் காரத்தன்மை உடையது, நாள்பட்டால் கண்ணாடியையே அரிக்கும். வீடு கட்டிக்கொண்டிருப்பவர்கள் மேஸ்திரியிடம் சொல்லிக் கண்ணாடிக்குப் பாலித்தீன் கட்டச் சொல்லுங்கள். பூசிய அன்றே ஈரத் துணியால் துடைத்தால் பிளேடுக்கு வேலையே இல்லை.

கூரையில் சோலார் பேனல் இருக்கிறது. அதற்கும் இதே வைப்பர் ஆகுமா?

கம்பு ஆகும். தலையில் மென்மையான பிரஷ் மாட்டுங்கள், சோப்பு வேண்டாம், உப்பில்லாத தண்ணீர் போதும். சூரியன் ஏறும் முன் முடித்துவிடுங்கள். சுட்ட பேனலில் குளிர்ந்த தண்ணீர் ஊற்றினால் கண்ணாடி விரிசல் விடலாம்.

ஒரு கண்ணாடி முடிப்பதற்குள் கழுத்து வலி வந்துவிடுகிறது.

நிமிர்ந்தே பார்த்துக்கொண்டு கண்ணாடிக்கு மிக அருகில் நிற்கிறீர்கள். இடம் இருந்தால் இன்னும் இரண்டடி பின்னால் வாருங்கள், கழுத்து மடிவது குறையும். ஒரு கை இடுப்பருகே கம்பின் அடியில், இன்னொரு கை நெஞ்சுக்கு நேரே. மேல்கை வழிகாட்ட மட்டும், எடையைக் கீழ்க்கை தாங்கட்டும். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை கம்பைக் குறுக்கிக் கீழே வைத்துவிடுங்கள். கழுத்தில் ஏற்கெனவே தேய்மானம் இருப்பவர்களும், நிமிர்ந்தால் தலைசுற்றுகிறவர்களும் ஆளைக் கூப்பிடுங்கள். காலில் ரப்பர் செருப்பு போடாமல், தரையைப் பிடிக்கிற அடியுள்ள ஷூ போட்டுக்கொள்ளுங்கள்.

வெளியே துடைத்தாயிற்று, உள்ளேயும் துடைத்தாயிற்று. இன்னும் ஒரு கோடு தெரிகிறது. எந்தப் பக்கம் என்றே தெரியவில்லை.

வெளியே கம்பு வைத்து மேலிருந்து கீழாக இழுங்கள். உள்ளே இடமிருந்து வலமாக இழுங்கள். கோடு நின்றுகொண்டிருந்தால் வெளிப்பக்கம், படுத்திருந்தால் உள்பக்கம். உள்பக்கக் கோடு பெரும்பாலும் சமையல் எண்ணெய்ப் புகையால் வரும், தண்ணீரில் இன்னும் அரை டீஸ்பூன் சோப்பு சேர்த்தால் போய்விடும். இரட்டைக் கண்ணாடி என்றால் இரண்டுக்கும் நடுவே மூட்டம் கட்டியிருக்கிறதா என்று ஓரத்திலிருந்து பாருங்கள். அப்படி இருந்தால் சீல் போயிருக்கிறது என்று அர்த்தம். அதை யார் துடைத்தாலும் போகாது, கண்ணாடி போட்டுக் கொடுத்தவரைக் கூப்பிட வேண்டியதுதான்.